நெல்மணி அளவு சிப்... நகர மறுத்த கார்!

போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், ‘பழைய கார் ஒன்று வாங்கப்போகிறேன். திருட்டைத் தடுக்கும் கருவிகள் அவசியமா, வீண் செலவா?’ என்று கேட்டிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு இரண்டு இரவுகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்று, எங்கள் வண்டி காணாமல் போன இரவு. இன்னொன்று, வண்டி வாசலில் நின்றும் உதவாமல் போன இரவு. இரண்டையும் சொன்னால் அந்த வாசகருக்கு மட்டுமல்ல, தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் எல்லோருக்கும் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர். முருங்கை, தக்காளி, மாட்டுக்குக் கொஞ்சம் தீவனச் சோளம். வீடு தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் மண்பாதையில் உள்ளே வர வேண்டும். பகலில் அது ஒரு தூரமே இல்லை. ராத்திரியில், அதுவும் மழை நாளில், நீண்ட தூரம்.

காணாமல் போன ஜீப்

1998-ல் சின்ன வெங்காயத்தில் நல்ல விலை கிடைத்தபோது, அப்பா ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினார். உர மூட்டை, காய்கறி, விருந்தாளி எல்லாம் அதில்தான். சாவி ஒன்று இருந்தது. ஆனால், அந்தச் சாவி இல்லாமலும் வண்டி ஓடும் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு வயரைச் சேர்த்தால் போதும். பேட்டரி இறங்கிவிட்டாலும் கவலை இல்லை. சரிவில் உருட்டி, கியரில் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ‘இந்த மாதிரி வண்டி வருமா?’ என்று நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

2011-ல் ஒரு ராத்திரி, களத்தில் நின்ற ஜீப்பை யாரோ அப்படித்தான் உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாய் குரைத்தது எனக்கே கேட்டது. மயிலைப் பார்த்துக் குரைக்கிறது என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். காலையில் பார்த்தால் டயர் தடம் மட்டும் பாதை வரைக்கும் இருந்தது.

போலீஸில் புகார் கொடுத்தோம். வண்டி கிடைக்கவில்லை. இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பார்த்தபோதுதான் அடுத்த அடி. நாங்கள் கட்டியிருந்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்குத்தான் அது பணம் கொடுக்கும். நம் வண்டியே திருடுபோனால் ஒரு பைசா வராது. ‘பழைய வண்டிக்கு எதுக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ்?’ என்று மிச்சம் பிடித்தது நான்தான்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் ரொம்ப நாள், ரோட்டுப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றும்.

காரைக் காப்பாற்றிய பூட்டு

2018-ல் ஐந்து வருடம் ஓடிய டீசல் கார் ஒன்று வாங்கினோம். புரோக்கர் ஒரே ஒரு சாவியைத்தான் கொடுத்தார். ‘இன்னொரு சாவி ஓனர் வீட்டுல இருக்குங்க, ஒரு வாரத்துல வாங்கித் தர்றேன்’ என்றார். அந்த ஒரு வாரம் இன்னும் வரவில்லை. நானும் துரத்திக் கேட்கவில்லை. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு வரும்.

அந்தக் காரில் ‘இம்மொபிலைசர்’ இருந்தது. பெயர்தான் பெரியது, வேலை எளிமையானது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் நெல்மணி அளவுக்கு ஒரு சிப் இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்பும்போது, துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயிலில் இருந்து அந்தச் சிப்புக்குத் தேவையான மின்சக்தி கிடைக்கும். உடனே அது தன் ரகசிய எண்ணை அனுப்பும். அந்த எண் சரியாக இருந்தால்தான், காரின் கம்ப்யூட்டர் இன்ஜினுக்கு டீசல் போக அனுமதிக்கும். எண் தவறாக இருந்தாலோ, சிப்பே இல்லாவிட்டாலோ, வயரைச் சேர்த்தாலும், சரிவில் உருட்டினாலும் இன்ஜின் ஓடாது.

இது உண்மையிலேயே வேலை செய்யும் என்பதை 2021-ல் பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். திரும்பி வந்தால் டிரைவர் பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. சாவித் துவாரத்தை ஸ்க்ரூடிரைவர் போட்டுத் திருகி நாசம் செய்திருக்கிறார்கள். ஸ்டியரிங் லாக்கையும் உடைத்துவிட்டார்கள். ஆனால், கார் அங்கேயே நின்றது. அப்பா பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “பரவால்லப்பா, இது மானமுள்ள வண்டி” என்றார். ஜீப் போனதற்கு அப்புறம் அவர் ஒரு வண்டியைப் பாராட்டியது அன்றைக்குத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். நெதர்லாந்தில் இதன் பலனை ஆராய்ந்தவர்கள், கார் திருட்டு சுமார் 40 சதவிகிதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே இரண்டு கொரிய நிறுவனங்கள் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இதை வைக்காமல் பல வருடம் விற்றன. 2021, 2022-ல் அந்தக் கார்களை யூ.எஸ்.பி கேபிள் முனையால் திருகி ஸ்டார்ட் செய்யும் வித்தை செல்போன் வீடியோக்களில் பரவ, பள்ளிக்கூடப் பையன்கள்கூடக் கார்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆக, ‘இந்தக் கருவி எல்லாம் ஏமாற்று வேலை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மழை இரவு

இனி மறுபக்கம். போன ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம், தக்காளிப் பாத்தியில் தேங்கிய தண்ணீருக்கு வடிகால் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த கார் சாவி சேற்றுத் தண்ணீரில் விழுந்துவிட்டது. துழாவி எடுத்தேன். ஏற்கெனவே ஓரம் விரிசல் விட்ட சாவி. மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து, அதைப் பிரித்து, உள்ளே இருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்து, மறுபடி மூடி, ரப்பர் பேண்ட் போட்டேன். ரிமோட் வேலை செய்யவில்லை. ‘சரி, சாவி போட்டுத் திறந்துக்கலாம்’ என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவருக்கு வயது 78. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வீட்டில் அவளும் நானும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காரின் பின்சீட்டில் உட்கார வைத்தோம். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினேன். அதே கதை. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கு படபடவென்று மின்னியது. அதை நான் கவனித்தேன். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. அத்தனை வருடம் அந்தக் காரை ஓட்டியும் தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவரும் அவர் பையனும் ஓடிவந்து தள்ளினார்கள். ஜீப் ஞாபகம். சரிவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். சேற்றில் கால் வழுக்குகிறது. உள்ளே அப்பாவின் மூச்சுச் சத்தம் வெளியே எங்களுக்குக் கேட்கிறது. இன்ஜின் அசைந்து கொடுக்கவே இல்லை.

கடைசியில் மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, மீட்டர்ல சாவிப் படம் மின்னுதா?”

“மின்னுதுப்பா.”

“அப்ப தள்ளாதீங்க. ஊரே சேந்து தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. சாவியில இருக்கற சிப்ப வண்டி படிக்கல. இன்னொரு சாவி இருக்குல்ல, அதப் போட்டுப் பாருங்க.”

“இன்னொரு சாவி இல்லப்பா.”

அவர் ஒரு நொடி பேசவில்லை. “அப்ப வேற வண்டியப் பாருங்கண்ணே, நேரத்த வீணாக்காதீங்க” என்றார்.

அதற்குள் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. அப்போதுதான் 108-க்குப் போன் செய்தேன். மூச்சு வாங்க ஆரம்பித்த உடனேயே செய்திருக்க வேண்டிய போன் அது. வீட்டில் கார் இருக்கிறது என்ற தைரியம்தான் என்னைச் செய்யவிடவில்லை. மண்பாதையில் ஆம்புலன்ஸ் சிக்கிக்கொள்ளும் என்று பயந்து, மாப்பிள்ளையின் பழைய லோடு வண்டியில், தக்காளிப் பெட்டிகளை இறக்கிவிட்டு அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து மெயின் ரோட்டுக்குக் கொண்டு போனோம். அங்கே ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. ஏற்றியதும் ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆறு நாள் இருந்து, நல்லபடியாக வீடு திரும்பினார்.

மறுநாள் மதியம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். “சாவிய எங்க வச்சுப் பிரிச்சீங்கண்ணே?” என்று மெக்கானிக் கேட்டிருந்தார். மோட்டார் ரூம் படியில் முட்டி போட்டுத் தேடினேன். படிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள வெடிப்பில், கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு சின்னப் பொருள் கிடந்தது. உண்மையிலேயே நெல்மணி அளவுதான். சாவிக்குள் வைத்து மூடித் திருப்பினேன். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சந்தோஷம் வரவில்லை, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பூட்டு ஆளைப் பார்க்காது

அப்புறம் யோசித்துப் பார்த்தால், கார் மேல் தப்பே இல்லை. சரியான அடையாளம் இல்லாதவன் கையில் ஓடக் கூடாது என்பதுதான் அதன் வேலை. அதை அது சரியாகச் செய்தது. அவன் திருடனா, அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மகனா என்பது அதற்குத் தெரியாது. பழைய பூட்டை அவசரத்துக்கு உடைக்கலாம். இந்தப் பூட்டை உடைக்க முடியாது என்பதுதான் இதன் பலம். நமக்கு ஆபத்தும் அதேதான்.

இன்னும் பெரிய உதாரணம் உக்ரைனில் நடந்தது. 2022-ல் மெலிட்டோபோல் நகரத்து டீலரிடமிருந்து டிராக்டர்களையும் அறுவடை இயந்திரங்களையும் ரஷ்யப் படையினர் செச்சென்யா வரைக்கும் கொண்டு போனார்கள். ஆனால், அந்த இயந்திரங்களைத் தூரத்திலிருந்தே பூட்டிவிட்டார்கள். கொண்டு போனவர்களால் ஓட்ட முடியவில்லை. கேட்கச் சந்தோஷமான செய்திதான். ஆனால் அமெரிக்க விவசாயிகள் அதிலேயே இன்னொரு கேள்வியைப் பார்த்தார்கள். ‘திருடனுக்குப் பூட்ட முடிகிற இயந்திரத்தை, எனக்கும் பூட்ட முடியும்தானே? என் டிராக்டரைச் சரிசெய்ய நான் யாருடைய அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்?’ அங்கே கொலராடோ மாநிலத்தில் 2023-ல், விவசாயக் கருவிகளைச் சொந்தக்காரரே பழுது பார்க்கத் தேவையான மென்பொருள், கருவி, கையேடு ஆகியவற்றைக் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

நம் ஊரிலும் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 முதல் புதிய மாசு விதிகள் வந்து, இன்ஜினை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற காலம் தொடங்கிவிட்டது. அதனால், இது கார் வைத்திருப்பவர் கவலை மட்டுமல்ல.

நான் கற்றுக்கொண்டவை

கேள்வி கேட்ட வாசகருக்கு என் பதில்: கருவிகள் அவசியம்தான். ஆனால், வாங்குகிற அன்றைக்கே கீழே உள்ளவற்றையும் செய்துவிடுங்கள்.

1. பழைய கார் வாங்கும்போது இரண்டு சாவியும் கைக்கு வந்த பிறகே முழுப்பணம் கொடுங்கள். இரண்டையும் போட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், மாற்றுச் சாவிக்கான செலவை விலையில் கழியுங்கள். எனக்கு ஷோரூமில் புதுச் சாவி செய்து, காருக்கு அறிமுகப்படுத்த 9,500 ரூபாய் ஆனது. சாதாரண சாவிக் கடையில் இரும்பை மட்டும் வெட்டிக் கொடுத்தால் கதவு திறக்கும், இன்ஜின் ஓடாது. கார் திருடுபோனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இரண்டு சாவிகளையும் கேட்கும்.

2. சாவியின் உறை விரிசல் விட்டால் உடனே மாற்றுங்கள். பிரிக்கும்போது ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் வைத்துப் பிரியுங்கள்.

3. சாவிப் படம் போட்ட விளக்கு மின்னினால் என்ன அர்த்தம் என்று காரின் கையேட்டைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

4. பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டால், பெரும்பாலான கார்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் வண்டி ஓடும். கதவைத் திறக்க ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி இருக்கும். இந்த வகைக் கார்களில் வேறொரு ஆபத்தும் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் ரிமோட்டின் சிக்னலை இரண்டு பேர் கருவி வைத்து வெளியே நிற்கும் கார் வரைக்கும் கடத்தி, கதவைத் திறந்துவிடுகிறார்கள். அதனால், சாவியை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டாதீர்கள். மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவோடு கார் பக்கத்தில் போய் நின்று கதவு திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் அந்த டப்பா போதும்.

5. ஜி.பி.எஸ் கருவி, வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும், திருடுவதைத் தடுக்காது. என் மகன் ஒன்று மாட்டிக் கொடுத்தான். அதற்கு சிம் உண்டு, வருடாந்தரக் கட்டணம் உண்டு. அப்பாவைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் காரை எடுக்காமல் விட்டதில் பேட்டரி இறங்கிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறையாவது கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். கடனில் வாங்கும் வண்டியில் இது பொருத்தியிருந்தால், தகவல் யாருக்குப் போகிறது, தூரத்திலிருந்து வண்டியை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

6. வெளிக்கடையில் சைரன் மாட்டும்போது வயரை வெட்டி ஒட்டுவார்கள். புது வண்டி என்றால் வாரண்டி போய்விடுமா என்று விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் சைரன் மாட்டிய முதல் மாதம், மேலே பூனை ஏறினாலும் கத்தியது. இரண்டாவது மாதம், அது கத்தினால் யாரும் எழுந்திருப்பதில்லை. இப்போது ஸ்டியரிங்கில் ஒரு இரும்புப் பூட்டுப் போடுகிறேன். அதற்கு பேட்டரி வேண்டாம்; வெளியிலிருந்து பார்த்தாலே திருடனுக்குத் தெரியும்.

7. எத்தனை பூட்டு இருந்தாலும் திருட்டையும் சேர்த்துக் காக்கும் காப்பீடு எடுங்கள். திருடுபோனால் அன்றைக்கே போலீஸில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர் வாங்குங்கள். கம்பெனிக்கும் உடனே சொல்லுங்கள். டிராக்டரைப் பறிகொடுத்த ஒருவர் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர் போட்டுவிட்டு, கம்பெனிக்கு 52 நாள் கழித்துத்தான் சொன்னார். கம்பெனி பணம் தர மறுத்தது. ‘போலீஸில் உடனே புகார் கொடுத்திருக்கும்போது, கம்பெனிக்குச் சொல்லத் தாமதம் ஆனது என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது’ என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக நாம் தாமதிக்க வேண்டியதில்லை; வழக்கு முடிய அவருக்கு ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

8. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதல் வேலை 108-க்குப் போன். கார் சாவியைத் தேடுவது அதற்கு அப்புறம்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டாவது சாவி பீரோவுக்குள், ஒரு பழைய எவர்சில்வர் தூக்குவாளியில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அதைப் போட்டு காரை எடுப்பேன். அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். போன மாதம் அப்படி எடுத்தபோது சொன்னார்:

“ஜீப்ப எவன் வேணும்னாலும் கொண்டு போகலாம். இந்தக் கார யாருமே கொண்டு போக முடியாது, நாமளும் சேத்துத்தான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வண்டி இருந்தாச் சொல்லுப்பா.”

அப்படி ஒரு வண்டி இல்லை. இரண்டாவது சாவிதான் இருக்கிறது.